கைடு வேண்டாம் என்றால் வேண்டாம்தான்

கடலுக்கடியில் டைவ் அடிக்க எங்களோடு வந்த அண்ணன் ஒருவர், ‘இங்கே இறங்க வேண்டாம்’ என்று சொன்ன கைடைத் திட்டித் தீர்க்கும் அந்த வீடியோவை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்கள் கொடுத்து வைத்தவர்கள், தேட வேண்டாம். நானும் அந்தப் படகில் இருந்தவன் என்பதால் இன்பாக்ஸில் ஒரே விசாரிப்பு. ஒரே தடவையாக இங்கேயே எழுதிவிடுகிறேன்.

இந்தோனேசியாவின் ராஜா அம்பத் தீவுகளில் கேப் கிரி என்ற டைவ் இடம். காலை முதல் டைவ். டிங்கி என்ற சின்னப் படகில் உட்கார்ந்து காலில் ஃபின் மாட்டிக்கொண்டிருந்தோம். கைடு முதலில் தான் மட்டும் இறங்கினார். ஒரு கையால் டிங்கியின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, முகத்தைத் தண்ணீருக்குள் வைத்துப் பார்த்தார். மீன்கள் எந்தப் பக்கம் தலை வைத்து நிற்கின்றன என்று பார்ப்பார்கள். நீரோட்டத்தை எதிர்த்துத்தான் மீன் நிற்கும். அப்புறம் கொஞ்சம் ஆழம் போய் வந்தார். தான் விட்ட குமிழிகளே கீழ்நோக்கி இழுபடுகின்றன, இங்கே இறங்க வேண்டாம், வேறு இடம் போகலாம் என்றார். அவ்வளவுதான். அதற்குத்தான் அண்ணனின் அத்தனை கூச்சல். பயந்தாங்கொள்ளி, ஏமாற்றுக்காரன், பணத்தைத் திருப்பிக் கொடு. அந்தக் கைடுப் பையன் ‘சாரி சார், சாரி சார்’ என்று சொல்லிக்கொண்டே இருந்தது வீடியோவிலும் கேட்கிறது. அதற்குக் கீழேதான் நம் ஆட்கள் சிரிப்பு எமோஜி போட்டிருக்கிறார்கள்.

கைடு வேண்டாம் என்றால் வேண்டாம்தான். இதில் விவாதிக்க என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

வைகியோ தீவுக்கும் பத்தாந்தா தீவுக்கும் நடுவே இருப்பது டாம்பியர் நீரிணை. பசிபிக்கிலிருந்து இந்தியப் பெருங்கடல் பக்கம் போகும் தண்ணீரில் ஒரு பங்கு அந்த இடுக்கில் நெருக்கியடித்துப் போகிறது. நாங்கள் போனது பௌர்ணமியை ஒட்டி. ஓதம், அதாவது கடல் ஏறி இறங்குவது, அப்போது இன்னும் கடுமை. கேப் கிரியில் ஜெரி ஆலன் என்ற மீனியல் அறிஞர் 2012இல் ஒரே டைவில் 374 வகை மீன்களை எண்ணினார். அண்ணனுக்கு அந்த 374ஐயும் பார்க்க முடியாமல் போன ஆதங்கம். சரி, நியாயம்தான். ஆனால் அத்தனை மீன் அங்கே கூடுவதே அந்த நீரோட்டம் கொண்டுவரும் சாப்பாட்டுக்காகத்தான். மீன் வேண்டும், நீரோட்டம் வேண்டாம் என்றால் அக்வேரியத்துக்குப் போகலாம். டிக்கெட் விலையும் குறைவு.

பணம் கட்டியவனுக்குக் கேள்வி கேட்க உரிமை இல்லையா என்கிறார்கள். தாராளமாகக் கேளுங்கள். ஏன் வேண்டாம், எப்போது தணியும், வேறு எங்கே போகலாம், எல்லாம் கேளுங்கள். அண்ணன் கேள்வியா கேட்டார்?

அண்ணன் பெரிய அனுபவசாலியாம். இருக்கட்டும். கீழே இழுக்கும் தண்ணீர், எத்தனை டைவ் போனோம் என்று எழுதி வைக்கும் லாக் புக்கைப் புரட்டிப் பார்ப்பதில்லை. அதே இந்தோனேசியாவில், 2014 பிப்ரவரியில் பாலி பக்கம் நுசா லெம்பொங்கானில் ஏழு ஜப்பானியப் பெண்கள் டைவ் போய் நீரோட்டத்தில் அடித்துச் செல்லப்பட்டார்கள். ஐந்து பேர் மூன்று நாள் கழித்துக் கிடைத்தார்கள். இரண்டு பேர் உயிரோடு வரவில்லை. அதில் கைடாக வேலை செய்பவர்களும் இருந்தார்கள். நாங்கள் இருந்த இடத்தில் ஒருவருக்கு ஏதாவது ஆகியிருந்தால் பக்கத்து நகரமான சொரோங் போய்ச் சேருவதற்கே மணிக்கணக்காகும்.

இன்னொரு படகுக்காரர்கள் அதே இடத்தில் இறங்கினார்களே என்று ஒருவர் கண்டுபிடித்துச் சொல்லியிருக்கிறார். எப்போது இறங்கினார்கள்? ஓதம் தணிந்த பிறகாக இருக்கலாம். இல்லை, துணிந்தும் இறங்கியிருக்கலாம். அது அவர்கள் பாடு.

சில கைடுகள் சோம்பலில் ரத்து செய்வதும் உண்டு என்பீர்கள். உண்டு. இவர் அந்த ரகமில்லை.

தூத்துக்குடிப் பக்கம் முத்துக்குளித்த காலத்தைப் பற்றி எங்கள் தாத்தா ஒன்று சொல்வார். கடலுக்குள் இறங்குபவனின் கயிற்றை மேலே மச்சான்தான் பிடிப்பானாம். தங்கச்சி தாலி அவன் கையில் என்பதால் கவனம் சிதறாது என்று கணக்கு. இங்கே முன்பின் தெரியாத ஒரு பப்புவாப் பையன், எங்களோடு எந்த உறவும் இல்லாதவன், எங்களுக்கு முன்னால் தான் இறங்கிப் பார்த்துவிட்டு வருகிறான். அவனுக்குக் கிடைத்தது வசவு.

இப்போது வீடியோவில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். இதற்கு இரண்டு நாள் முன்னால், ராஜா அம்பத்திலேயே மிசூல் தீவுப் பக்கம் ஒரு டைவ் ரத்தானது. அதை அறிவித்தவர் ஐரோப்பாக்காரர், எங்கள் படகின் டைவ் பொறுப்பாளர். அப்போது அண்ணன் சொன்னது என்ன தெரியுமா? ‘ஓகே ஓகே, சேஃப்டி ஃபர்ஸ்ட்.’ கட்டைவிரலையும் உயர்த்திக் காட்டினார். அப்போது பணம் திரும்ப வேண்டியிருக்கவில்லை. வெள்ளைக்காரர் சொன்னால் பாதுகாப்பு, நம்மைவிடக் கறுப்பாக இருப்பவன் சொன்னால் ஏமாற்று. ஆமாம், அப்படித்தான் சொல்கிறேன், கோபப்படுபவர்கள் கோபப்படுங்கள். ஊரில் நாம் கார் டிரைவரையும் ஹோட்டல் சர்வரையும் நடத்தும் லட்சணத்தை விமானத்தில் ஏற்றி அங்கே கொண்டுபோய் இறக்கினோம்.

எனக்கு அவர்மீதுகூட இவ்வளவு வருத்தமில்லை. டிங்கியில் என் பக்கத்தில் உட்கார்ந்து, ‘இவர் ஏன்டா இப்படிக் கத்துறார்’ என்று என் காதில் முணுமுணுத்த நண்பர், சென்னை வந்து இறங்கியதும் அந்த வீடியோவுக்கு ஹார்ட் போட்டிருக்கிறார். அவருக்கு நான் என்ன பதில் சொல்வது? வாட்ஸப் குழுவில் நான் கேட்டதற்கு இதுவரை யாரும் வாய் திறக்கவில்லை. நான் படகுக் கம்பெனி ஏஜெண்ட் என்று ஒருவர் மட்டும் கண்டுபிடித்திருக்கிறார். கமிஷன் எங்கே வாங்குவது என்று அவரே சொன்னால் உபகாரம்.

இத்தனைக்கும் அன்று டைவ் இல்லாமல் போகவில்லை. ஒரு மணி நேரத்தில் ஒதுக்குப்புறமான வேறொரு ரீஃபில் இறங்கினோம். பவளத் தட்டுக்கு அடியில், தாடி முழுக்கக் கிழிந்த பாசி மாதிரி தொங்க, ஒரு வொபிகாங் சுறா படுத்திருந்தது. நான் அதைத் தாண்டியே போய்விட்டேன், அப்படி ஒரு மறைப்பு. டார்ச் அடித்துக் காட்டியது அதே பையன். அண்ணனின் இப்போதைய புரொஃபைல் படம் அதுதான். ‘மை ஃபைண்ட்’ என்று போட்டிருக்கிறார்.

கமெண்ட்டில் என்னைத் திட்டுபவர்கள் திட்டலாம். அந்தக் கைடின் பெயரையோ படத்தையோ போட்டால் நீக்கிவிடுவேன். அவன் இந்த வாரமும் யாரையோ கூட்டிக்கொண்டு கடலில்தான் இருப்பான்.