பெயர்ப்பலகை இல்லாத குசினிகள்

மேசை, கதிரை இல்லாத சாப்பாட்டுக் கடைகள் இனி திருகோணமலையிலும் பெருகத்தான் போகின்றன. கிளவுட் கிச்சன் என்கிறார்கள். குசினி மட்டும் இருக்கும். ஓடர் போனில் வரும், சாப்பாடு மோட்டார் சைக்கிளில் போகும். எனக்கு இதில் சந்தோசம்தான். நல்ல கைப்பக்குவம் இருந்தும், டவுனில் கடை எடுக்க முற்பணம் கட்ட வழியில்லாத பெண்கள் எத்தனை பேர் இங்கே!

பாலையூற்றில் ஒரு அக்கா விடியமுன் எழும்பி இடியப்பம் அவிக்கிறார். சொதியைத் தனியாகவும் சம்பலைத் தனியாகவும் கட்டி, ஏழு மணிக்குள் வீடு வீடாக அனுப்பிவிடுவார். தேங்காய்ப்பால் சொதி எங்கள் வெயிலுக்கு மதியம்வரை தாங்காது என்று அவருக்குத் தெரியும். தொழிலே அந்தக் கணக்கில்தான் நிற்கிறது. அதே அறிவு கொத்து ரொட்டிக்கும் வேண்டும். கல்லில் இருந்து எடுத்த சூட்டோடு பெட்டியில் அடைத்தால் மூடி முழுக்க வியர்த்து, நிலாவெளி போய்ச் சேருமுன் ரொட்டி ஊறிக் களியாகிவிடும். ஆக, கடையில் ஓடுவதெல்லாம் பார்சலுக்குச் சரிவராது.

இனி காசு. டெலிவரி செயலிகள் பல நாடுகளில் 30 சதவீதம் வரை கமிஷன் எடுக்கின்றன. 1,000 ரூபா ஓடரில் 300 ரூபா அப்படியே போனால், மிச்சத்தில் காஸ், இறைச்சி, எண்ணெய், பெட்டி எல்லாம் பார்க்கவேண்டும். எங்கள் ஊர் அளவுக்கு ஓடர் எடுக்க வட்ஸ்அப்பும், கொண்டுபோய்க் கொடுக்க அறிமுகமான ஒரு தம்பியும் போதும்.

என் மனதை உறுத்துவது வேறு. இந்தியாவில் ரெபெல் ஃபூட்ஸ் நிறுவனம் ஃபாசோஸ், பெஹ்ரூஸ் பிரியாணி என்று பல பெயர்களை ஒரே குசினியில் வைத்து நடத்துகிறது. அதைக்கூட ஒரு வியாபார முறை என்று விடலாம். ஆனால் ஒரே சாப்பாட்டுப் பட்டியலைப் பெயர் மாற்றி மாற்றிப் போட்டிருந்த ஆயிரக்கணக்கான கடைகளை 2023இல் ஊபர் ஈட்ஸ் என்ற டெலிவரி செயலியே நீக்கவேண்டி வந்தது. ஒரு பெயர் கெட்டுப்போனால் இன்னொரு பெயரில் வரலாம் என்றால் சாப்பிடுகிறவன் யாரிடம் போய்க் கேட்பது?

இலங்கையின் 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் சுத்தமில்லாத இடத்தில் விற்பனைக்குச் சமைப்பதையே தடுக்கிறது. முன்னால் கடை இருக்கிறதா என்று அது பார்ப்பதில்லை. அதனால் ஒவ்வொரு பார்சலிலும் சமைத்த இடத்தின் முகவரியும் போன் நம்பரும் இருக்கட்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களான பிஎச்ஐமாரும் இந்தக் குசினிகளுக்குப் போகவேண்டும், பயமுறுத்த அல்ல. தண்ணீர் எங்கிருந்து வருகிறது, இறைச்சியை எதில் வைக்கிறார்கள், பழைய எண்ணெய் எங்கே போகிறது என்று பார்த்து, பிழை இருந்தால் சொல்லிக்கொடுத்துத் திருத்த.