பிராந்தி குளிரைத் தாங்க உதவுமா?

"பனிமலை நாட்டில் லிஃப்ட் கேட்டுச் சாலையோரம் நிற்கும்போது இரண்டு மடக்கு பிராந்தி குடித்தால் குளிர் அண்டாது" என்றொரு பயணக் குறிப்பு கைபேசிகளில் சுற்றி வருகிறது. தவறு, அதுவும் ஆபத்தான தவறு.

குளிரில் தோலை ஒட்டிய ரத்தக் குழாய்கள் சுருங்கி, உள்ளுறுப்புகளுக்கான சூட்டைக் காக்கின்றன. மது அவற்றை விரித்துவிடுகிறது. கன்னம் சிவக்கிறது, காது கதகதக்கிறது, கையுறையைக் கழற்றலாமா என்றுகூடத் தோன்றுகிறது. அந்தக் கதகதப்பு, உள்ளேயிருந்து வெளியேறிக்கொண்டிருக்கும் சூடு. போதாக்குறைக்கு, உடல் சூட்டை உண்டாக்கிக்கொள்ளும் நடுக்கத்தையும் மது மட்டுப்படுத்துகிறது. உள்வெப்பம் 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் பேச்சு குழறும், கால் தள்ளாடும். வண்டியை நிறுத்தியவர் வெறும் போதை என்று எண்ணிப் போய்விடவும் கூடும்.

குறிப்போடு வரும் படத்தில் கழுத்தில் பிராந்திப் பீப்பாய் கட்டிய செயின்ட் பெர்னார்ட் நாய். சுவிட்சர்லாந்து–இத்தாலி எல்லையருகே, 2,469 மீட்டர் உயரக் கணவாயில் துறவிகள் வளர்த்த நாய்கள் பனியில் சிக்கியவர்களைத் தேடியது உண்மை. பீப்பாய்க் கதை பரவியதோ, 1820இல் எட்வின் லேண்ட்சீர் என்ற ஆங்கிலேயர் தீட்டிய ஓவியத்தால். அப்போது அவருக்கு இருபது வயதுகூட ஆகவில்லை!

விறைத்த விரலைப் பனியால் தேய்க்கச் சொல்லும் கடைசி வரியையும் நம்பவேண்டாம். தேய்த்தால் உறைந்த தசை மேலும் சிதையும். அக்குளில் செருகிக்கொள்ளுங்கள். வெதுவெதுப்பான நீரில் ஊறவைப்பது, விரல் மறுபடி உறைய வாய்ப்பில்லாத இடத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகு.