நேர்ந்துவிட்டதாம்

செய்த வேலையைத் தன்னுடையது என்று ஏற்கத் தயங்குபவர்களுக்குத் தமிழ் இலக்கணம் செய்திருக்கும் உதவி கொஞ்சநஞ்சமல்ல. நேற்று எனக்கு வந்த கணக்குத் தாளில் ஒரு வரிசை விடுபட்டு மொத்தத் தொகை தவறாக இருந்ததைச் சுட்டிக்காட்டினால், அதைத் தயாரித்தவரே “பிழை நேர்ந்துவிட்டது, சம்பந்தப்பட்டவருக்குத் தெரிவிக்கப்பட்டுள்ளது” என்று பதில் எழுதுகிறார். சம்பந்தப்பட்டவர் அவர்தானே! செயப்பாட்டுவினையில் ‘என்னால்’ என்ற சொல்லை விட்டுவிட்டாலும் வாக்கியம் குறையின்றி நிற்கும் என்பதை இவர்கள் எங்கேதான் கற்றார்களோ. பாராட்டு வரும் நாளில் மட்டும் அதே கை ‘நான் முடித்தேன்’ என்று தன்மை ஒருமையில் தெளிவாக எழுதுகிறது. நான் எதிர்பார்த்தது மன்னிப்புகூட அல்ல. “14ஆம் வரிசையை விட்டுவிட்டேன், மாலைக்குள் திருத்தி அனுப்புகிறேன்” என்ற ஒரே வரிதான். அது வராததால், இரவு 10 மணிக்கு அந்த வரிசையை நானே கூட்டிக்கொண்டிருந்தேன்.