மேரிலினுக்கு ஒரே ஒரு வரிதானா?

அமெரிக்க விண்வெளி வீரர் ஜிம் லவெல் மறைவு பற்றிய உங்கள் கட்டுரையில், அவர் சென்ற அப்பல்லோ 13 விண்கலத்தின் ஆக்சிஜன் தொட்டி வெடித்தது முதல் எல்லாம் விரிவாக இருக்கிறது. மேரிலின் லவெல்லுக்கு மட்டும் ‘மனைவி முன்பே காலமாகிவிட்டார்’ என்று ஒரே வரி. படித்ததும் மனம் கனத்துவிட்டது.

1952-ல் லவெல் கடற்படை அகாடமியில் பட்டம் பெற்ற அதே நாளில் அவர்கள் திருமணம் நடந்தது. 1968 டிசம்பரில் அவர் அப்பல்லோ 8-ல் சந்திரனைச் சுற்றி வந்தபோது, அங்கே ‘அமைதிக் கடல்’ எனப்படும் சமவெளியின் ஓரத்தில் இருந்த மலை ஒன்றுக்கு மனைவியின் பெயரை வைத்தார். அடுத்த ஆண்டு அப்பல்லோ 11 இறங்கும்போது அந்த மலைதான் வழியடையாளங்களில் ஒன்று. சர்வதேச வானியல் ஒன்றியம் அந்தப் பெயரை ஏற்கவோ 2017 வரை ஆயிற்று! நல்லவேளை, அதைக் காண மேரிலின் இருந்தார். 2023 ஆகஸ்டில், 93 வயதில் அவர் மறைந்தார். இரண்டே ஆண்டுகளில், 97 வயதில் கணவரும் போய்விட்டார்.

அப்பல்லோ 8-ல் லவெல்லுடன் பறந்த ஃபிராங்க் போர்மனின் மனைவி சூசனை நினைத்தால் இன்னும் வேதனை. கணவர் உயிரோடு திரும்பமாட்டார் என்றே அந்தப் பெண் நம்பியிருந்தார். அந்தப் பயத்தை விழுங்கிக்கொண்டு நிருபர்கள் முன் சிரித்தபடி நின்றார். பின்னாளில் குடிப்பழக்கத்தோடு போராடி மீண்டார். முதுமையில் அல்சைமர் நோய் வந்தது. 2021-ல் அவரும், 2023-ல் போர்மனும் மறைந்தார்கள். அந்தப் பயணத்தின் மூன்றாமவரான பில் ஆண்டர்ஸ் 2024-ல், 90 வயதில், தனியாக ஓட்டிச் சென்ற விமானம் கடலில் விழுந்து இறந்தார்.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள்: கட்டுரையில் மேரிலினுக்கு இரண்டு பத்தியாவது சேருங்கள்.