ஏழு மாதம் இல்லை, ஏழு இரவு
இலங்கை எழுத்தாளர் ஷெஹான் கருணாதிலக்கவின் 'தி செவன் மூன்ஸ் ஆஃப் மாலி அல்மெய்டா' நாவலில், செத்துப்போன நாயகன் மாலி மறுமையில் ஏழு மாதம் அலைவதாக ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படியில்லை. நாவலில் ஒரு நிலவு என்றால் ஓர் இரவு. மாலிக்குக் கிடைப்பது ஒரே வாரம். கண் விழித்தால் எதிரே சொர்க்கமோ நரகமோ இல்லை, நம்மூர் அரசு அலுவலகம் மாதிரி கவுண்டரும் வரிசையும் கூச்சலும்தான்! செத்தும் வரிசையா என்று சிரித்துவிட்டேன். அந்த ஒரு வாரத்துக்குள் தன்னைக் கொன்றது யார் என்று மாலி கண்டுபிடிக்கணும், தான் எடுத்து ஒளித்து வைத்த போர்ப் புகைப்படங்கள் இருக்குமிடத்தை வேண்டியவர்களுக்குக் காட்டணும். ஏழு மாதம் என்று படித்தால் இந்தப் பதற்றமே போய்விடும்.

அப்புறம், இந்த நாவல் 2022இல்தான் முதலில் வந்தது என்று சொல்வதும் பாதி உண்மை. 2020இலேயே இந்தியாவில் 'சாட்ஸ் வித் தி டெட்' என்று வெளியானது. அதைத் திருத்தி எழுதிய வடிவத்துக்குத்தான் புக்கர் இலக்கியப் பரிசு கிடைத்தது.