மென்பொருளை அப்புறம் பார்க்கலாம், பிள்ளை எங்கே திணறுகிறது?

ஒன்பதாம் வகுப்பில் ஒவ்வொரு வருஷமும் ஒரே இடத்தில் பிள்ளைகள் முட்டிக்கொண்டு நிற்பார்கள். முக்கோணத்தின் செங்கோட்டு மையம், அதாவது ஒவ்வொரு முனையிலிருந்தும் எதிர்ப்பக்கத்துக்கு வரையும் செங்குத்துக் கோடுகள் மூன்றும் சந்திக்கும் புள்ளி. குறுங்கோண முக்கோணம் என்றால் காம்பஸ் வைத்து அழகாக வரைந்துவிடுவார்கள். விரிகோணம் வந்ததும், “டீச்சர், கோடு எதிர்ப்பக்கத்துல படவே மாட்டேங்குது” என்று நோட்டைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். பக்கத்தை நீட்டி வரையணும், மையம் முக்கோணத்துக்கு வெளியே விழும் என்று சொன்னால் எழுதிக்கொள்வார்கள். ஆனால் நம்ப மாட்டார்கள். மையம் என்றால் நடுவில் இருப்பது என்றுதானே அவர்களுக்குப் பழக்கம்?

இந்த வருஷம் ஜியோஜீப்ரா என்ற கணித வரைபட மென்பொருளில் ஒரு முக்கோணம் போட்டு, செங்கோட்டு மையத்தைச் சிவப்புப் புள்ளியாக வைத்து, ஒரு மாணவியைக் கூப்பிட்டு ஒரே ஒரு முனையை மட்டும் இழுக்கச் சொன்னேன். கோணம் விரிய விரியப் புள்ளி நகர்ந்தது. 90 பாகை வந்தபோது சரியாக முனையிலேயே போய் உட்கார்ந்தது. இன்னும் கொஞ்சம் இழுத்தாள். “வெளிய போயிருச்சு!” என்று வகுப்பே கத்தியது. திரும்ப உள்ளே கொண்டு வரச் சொன்னார்கள், திரும்ப வெளியே. எல்லாம் சேர்த்துப் பன்னிரண்டு நிமிஷம். பிறகு புரொஜெக்டரை அணைத்துவிட்டு, நோட்டில் காம்பஸோடு வரைய உட்கார்ந்தோம். தேர்வில் கையால்தான் வரைய வேண்டும், கை பழகத்தான் வேண்டும்.

அந்தப் பன்னிரண்டு நிமிஷத்தை நான் பாடக்குறிப்பு எழுதும்போதே ஒதுக்கியிருந்தேன். முதலில் எழுதியது, பிள்ளைகள் எங்கே திணறுவார்கள் என்பதை. அதைக் கரும்பலகையில் ஏன் காட்ட முடியவில்லை என்பது இரண்டாவது. கரும்பலகையில் போட்ட கோடு நகராது, இங்கே நகர்வதுதான் பாடமே. அதற்குப் பிறகுதான் எந்த மென்பொருள் என்ற கேள்வி வந்தது.

நடைமுறையில் பெரும்பாலும் இது தலைகீழாக நடப்பதைப் பார்க்கிறேன். முதலில் திரை வந்துவிடுகிறது. திரை இருக்கிறதே, பயன்படுத்தியாக வேண்டுமே என்று வீடியோ ஓடுகிறது. நாற்பது பிள்ளைகள் கைகட்டி உட்கார்ந்து பார்க்கிறார்கள். இதில் ஆசிரியர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. திட்டமிட நேரம் தராமல் கருவியை மட்டும் கையில் கொடுத்தால் வேறென்ன நடக்கும்? பெரு நாட்டில் கிராமப்புறப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மடிக்கணினி கொடுத்தார்கள். 300-க்கும் மேற்பட்ட பள்ளிகளை ஆராய்ந்து 2012-ல் வந்த அறிக்கை, கணக்கிலும் மொழியிலும் மதிப்பெண் உயர்ந்ததற்குச் சான்று இல்லை என்றது. கருவி போய்ச் சேர்ந்தது, பாடத்தோடு சேரவில்லை.

மென்பொருள் தேர்வுக்கு நான் வைத்திருக்கும் கேள்விகள் கொஞ்சம்தான். இணையம் போனாலும் ஓடுமா? ஜியோஜீப்ராவைக் கணினியில் நிறுவிக்கொள்ளலாம். அறிவியல் சோதனைகளைத் திரையிலேயே செய்து பார்க்க உதவும் கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் சிமுலேஷன்களைப் பதிவிறக்கிப் பென் டிரைவில் வைத்துக்கொள்ளலாம், சில தமிழிலும் கிடைக்கின்றன. இரண்டுக்கும் வகுப்பறையில் காசு கிடையாது. அடுத்தது, பிள்ளை அதில் எதையாவது செய்கிறதா, வெறுமனே பார்க்கிறதா? இழுக்க, மாற்ற, தப்புப் பண்ணிப் பார்க்க இடமில்லாத மென்பொருள் எனக்கு வேண்டாம்.

பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, பெற்றோரின் கைபேசி எண் கேட்டு லாகின் போடச் சொல்லும் செயலிகளை நான் தொடுவதே இல்லை. ஒருமுறை எங்கள் பள்ளிக்கு ஒரு நிறுவனத்திலிருந்து வந்து காட்டினார்கள். வண்ணமும் பாட்டுமாக இருந்தது. பிள்ளைகள் தரும் விவரம் எங்கே போகிறது என்று கேட்டேன். நேரான பதில் வரவில்லை. 18 வயதுக்குட்பட்டோரின் தகவலுக்குப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்று 2023-ன் தரவுப் பாதுகாப்புச் சட்டமே சொல்கிறது. என்னை நம்பித்தான் பிள்ளையை அனுப்புகிறார்கள், அந்த எண்ணை எடுத்து இன்னொருவரிடம் கொடுக்க நான் யார்?

எல்லாப் பாடத்துக்கும் கணினி வேண்டும் என்பதும் இல்லை. பாட்டரியும் பல்பும் கைக்குக் கிடைக்கும்போது திரையில் பல்பு எரியவிட வேண்டாம் என்பார் எங்கள் அறிவியல் ஆசிரியர். கம்பிக்குள் எலக்ட்ரான் நகர்வதைக் கண்ணால் காட்ட முடியாது, அங்கே மட்டும் ஃபெட்டைத் திறப்பார். அவர் வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துதான் எங்கே திரை வேண்டும், எங்கே வேண்டாம் என்பதை நான் கற்றேன்.

அடுத்த மாதம் பட்டறி நிகழ்தகவு, அதாவது செய்து பார்த்து எண்ணிக் கண்டுபிடிக்கும் நிகழ்தகவு, நடத்துகிறேன். ஆளுக்கொரு ஒரு ரூபாய் நாணயம், ஆளுக்கு 50 முறை சுண்ட வேண்டும். நாற்பது பேர், 2,000 சுண்டல். தலை எத்தனை, பூ எத்தனை என்று அவரவர் கணக்கைக் கரும்பலகையில் எழுதுவார்கள். ஒருத்திக்கு 31 தலை விழும், பக்கத்தில் இருப்பவளுக்கு 19 விழும், சண்டை வரும். வரட்டும். மொத்தத்தையும் கூட்டினால் பாதிக்குப் பக்கத்தில் வந்து நிற்பதை அவர்களே பார்க்கட்டும். “இன்னும் நிறைய சுண்டினா?” என்று யாராவது கேட்பார்கள். எக்செல்லில் 10,000 முறை சுண்டிக் காட்ட, கணினி அறையை அதற்கு அடுத்த பீரியடுக்குத்தான் கேட்டு வைத்திருக்கிறேன்.