சிடிஜி சீடியை எம்பி3 ஆக்கினால் வரிகள் வராது

"கரோக்கே சிடிஜி சீடியைக் கொம்பியூட்டரில் போட்டு எம்பி3 ஆக மாற்றினால், பாட்டு வரிகளும் அதோடேயே வந்துவிடும், பிறகு சீடி தேவையில்லை" என்று மேலே ஒரு அண்ணா எழுதியிருக்கிறார். மன்னிக்க வேண்டும் அண்ணா, அப்படி வராது.

சிடிஜி என்பது, நாம் பாடுவதற்காக இசையோடு வரிகளையும் திரையில் காட்டும் கரோக்கே சீடி. அதில் வரிகள் ஒலிக்குள் இல்லை. சப்கோட் என்ற துணைத் தரவில், ஆர் முதல் டபிள்யூ வரையான ஆங்கில எழுத்துகளால் பெயரிட்ட ஆறு தடங்களில், 16 நிறப் படமாகப் பதிந்திருக்கின்றன. சாதாரண மென்பொருள் ஒலியை மட்டும் எடுத்துக்கொண்டு அதை விட்டுவிடும். வரிகளும் வேண்டுமென்றால் கரோக்கேக்கென்றே உள்ள ரிப்பிங் (சீடியில் இருப்பதைக் கோப்பாக எடுக்கும்) மென்பொருளும், சப்கோட்டை வாசிக்கும் சீடி டிரைவும் வேண்டும். எல்லா டிரைவும் அதை ஒழுங்காக வாசிப்பதில்லை. அப்போதுதான் எழுத்துகள் உடைந்து, கட்டம் கட்டமாகத் தெரியும்.

நீங்களே பார்க்கலாம். கோப்புறையைத் திறவுங்கள். சரியாக எடுத்திருந்தால் ஒரு பாட்டுக்கு இரண்டு கோப்பு இருக்கும்: ஒன்று எம்பி3, மற்றது சிடிஜி. சிடிஜி கோப்புக்கு நொடிக்கு 7,200 பைட், அதாவது 4 நிமிடப் பாட்டுக்குச் சுமார் 1.7 மெகாபைட். அதை விஎல்சி என்ற பிளேயர் மென்பொருளில் திறந்தால் வரிகள் ஓடும். எம்பி3 மட்டும் கிடந்தால் வரிகள் வரவில்லை.

இரண்டு கோப்புக்கும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். ஓர் இடைவெளி கூடினாலும் பிளேயர் பாட்டை மட்டும் போடும்.

இதைப் பார்க்காமல் சீடிகளைத் தயவுசெய்து யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். கொழும்பு புறக்கோட்டைக் கடைகளில் பழைய தமிழ் சிடிஜி மறுபடி கிடைப்பது கஷ்டம்.